ஏரும் செக்கும்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. மூணாற்றில் குன்றின்மேல் நிற்கும் சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தில் தமிழ் ஆராதனை. வெளியே விடாத மழை. உள்ளே ஈரக் குடைகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. வேத பாடம் வாசிக்க எழுந்துபோனவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தோட்டத் தொழிலாளி. ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார். கொழுந்தெடுத்துக் கறை ஏறிய விரல் வரிக்கு வரி மெல்ல நகர, திருநெல்வேலிச் சாயல் மாறாத குரலில் வாசித்தார். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் கண்ணை மூடியபடி, வாசிப்புக்கு ஒரு சொல் முன்னதாகவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த அதிகாரம் மனப்பாடம்.

1910இல் இந்த ஆலயத்துக்கு அடிக்கல் வைத்தவர்கள் ஆங்கிலேயத் தோட்டத் துரைமார். தங்கள் மொழியில் தங்கள் கடவுளை வணங்க அவர்கள் எழுப்பிய கல் கட்டடம் இது. துரைமார் போய்விட்டார்கள். தேயிலை நடுவதற்காகக் கங்காணிகள் தமிழகத்திலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே தமிழில் வேதம் வாசிக்கிறார்கள். மாநிலம் கேரளம், மாவட்டம் இடுக்கி, வேதத்தின் மொழி தமிழ்.

என் பயணம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூருக்கு. மலையாளிகள் தங்கள் மொழியின் தந்தை என்று போற்றும் துஞ்சத்து ராமானுஜன் எழுத்தச்சன் அடங்கிய இடமாகக் கருதப்படும் குருமடம் அங்கே இருக்கிறது. ஆனாலும் இந்த வாசிப்பைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மூணாற்றிலிருந்து தொடங்கினேன். புனித நூல்களைச் சாதாரண ஜனங்களின் பேச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அந்தப் படிப்பில் இரண்டு பேர் என் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் எழுத்தச்சன். மற்றவர் இங்கிலாந்தின் வில்லியம் டிண்டேல். இருவரும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். ஒருவர் பெயர் மற்றவர் காதுக்கு எட்டியிருக்க வழியில்லை.

ஆராதனை முடிந்ததும் உடுமலைப்பேட்டை பேருந்தில் ஏறினேன். மலைப்பாதையில் தேயிலைச் சரிவுகள் ஜன்னலுக்கு வெளியே சுழன்று சுழன்று வந்தன. நான் டிண்டேலை நினைத்துக்கொண்டே போனேன்.

அவரும் எல்லைப்புறத்து மனிதர்தான். வேல்ஸ் நாட்டை ஒட்டிய குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் 1494 வாக்கில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்து 1515இல் முதுகலைப் பட்டம் பெற்றார். கிரேக்கம், லத்தீன், எபிரேயம், ஜெர்மன் என்று மொழிகள் அவருக்குக் கைவந்தன. ஊர் திரும்பி ஒரு பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தபோது, விருந்துக்கு வந்த படித்த குருமார்களுக்கே வேதம் சரியாகத் தெரியவில்லை என்பதைக் கண்டார். கடவுள் எனக்கு ஆயுள் கொடுத்தால், ஏர் ஓட்டும் பையன் உங்களைவிட அதிகமாக வேதம் அறியும்படி செய்வேன் என்று அவர்களில் ஒருவரிடம் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லின் கனம் தெரிய அன்றைய சட்டத்தை அறிய வேண்டும். ஆயர்களின் அனுமதி இல்லாமல் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பதும் வாசிப்பதும் குற்றம் என்று 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டில் கூடிய திருச்சபைச் சங்கம் விதித்திருந்தது. டிண்டேலின் இளமைக் காலத்தில் கோவென்ட்ரி நகரில் ஆறு ஆண்களையும் ஒரு விதவைத் தாயையும் தீயில் இட்டுக் கொன்றார்கள். தங்கள் பிள்ளைகளுக்குக் கர்த்தர் ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தாய்மொழியில் கற்றுக்கொடுத்தது அவர்கள்மேல் இருந்த பழி.

அனுமதி கேட்டு 1523இல் லண்டன் ஆயரிடம் போனார் டிண்டேல். கதவு திறக்கவில்லை. துணி வணிகர் ஒருவர் சோறும் இடமும் கொடுத்தார். அடுத்த ஆண்டு கடல் கடந்து ஜெர்மனி போனவர், மறுபடி தாய்மண்ணை மிதிக்கவே இல்லை. 1525இல் கொலோன் நகரில் அச்சு ஓடிக்கொண்டிருந்தபோது செய்தி கசிந்தது. அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு ரைன் நதி வழியே வோர்ம்ஸ் நகருக்குத் தப்பினார். கிரேக்க மூலத்திலிருந்து பெயர்த்து அச்சிட்ட முதல் ஆங்கிலப் புதிய ஏற்பாடு 1526இல் அங்கே முழுமையடைந்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறு புத்தகம். துணிப் பொதிகளுக்குள் மறைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அகப்பட்டவற்றை லண்டனில் தேவாலயத்தின் முன்னால் குவித்து எரித்தார்கள். முதல் பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே பிரதிகள்.

1535 மே மாதம் ஆண்ட்வெர்ப் நகரில், நண்பன்போல் நெருங்கிய ஒருவன் காட்டிக்கொடுக்க, டிண்டேல் பிடிபட்டார். வில்வூர்டே கோட்டைச் சிறையில் பதினாறு மாதங்களுக்கு மேல் கிடந்தார். அங்கிருந்து அவர் லத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. குளிருக்கு ஒரு தொப்பி, கிழிந்த உடுப்பை ஒட்டுப்போடத் துணி, மாலையில் ஒரு விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய வேதமும் இலக்கணமும் அகராதியும் வேண்டும் என்று அதில் கேட்கிறார். சாவுக்குக் காத்திருந்த மனிதர் கேட்டது விளக்கும் அகராதியும். 1536 அக்டோபரில் அவருடைய கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1539இல், அரசனின் ஆணையோடு ஆங்கில வேதம் ஊர்த் தேவாலயங்களுக்கு வந்தது. அதில் பெரும்பகுதி டிண்டேலின் உழைப்பு. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பின் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவருடைய சொற்களே என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மறையூர் தாண்டியதும் மழை நின்றது. சந்தன மரங்களுக்குக் கம்பிவேலி போட்ட காடு, கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் கொட்டகை. சின்னாறு வந்தபோது நிலம் காய்ந்து, முள்மரங்கள் தொடங்கின. ஒரே மலையின் இரண்டு பக்கங்களில் இரண்டு பருவங்கள். அன்றிரவு பொள்ளாச்சியில் தங்கினேன்.

மறுநாள் பிற்பகல் கோபாலபுரம் சோதனைச் சாவடி வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்தபோது எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பு அந்தப் பக்கமும் தொடர்ந்தது. சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் கரிசல் மண். கேரளம் என்றால் நினைவுக்கு வரும் ஈரச் செம்மண்ணும் வாய்க்கால் ஓரப் பசுமையும் இங்கே குறைவு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் கடைப் பலகைகள் இரண்டு மொழியில் இருக்கின்றன. பேருந்தில் என் பக்கத்தில் இருந்த விவசாயி நடத்துநரிடம் மலையாளத்தில் சீட்டுக் கேட்டு, கைப்பேசியில் மனைவியிடம் கொங்குத் தமிழில், "மோட்டார நிறுத்திப் போட்டு வந்தனா இல்லியான்னு பாரு கண்ணு" என்றார். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகுந்து தென்னை மட்டைகளை ஒரே திசையில் வாரிவிட்டிருந்தது.

இந்த மண்ணுக்குத் தண்ணீரும் நம் பக்கத்திலிருந்துதான் போகிறது. ஆனைமலையில் பிறந்து ஆழியாறாக இறங்கும் நதி, எல்லை தாண்டிச் சித்தூர்ப் புழை ஆகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் அளந்து விடப்படுகிறது. சித்தூர்க்காரர்கள் இந்த ஆற்றைச் சோகநாசினி என்கிறார்கள். துயரத்தை அழிப்பவள். அந்தப் பெயரை வைத்தவர் எழுத்தச்சனே என்பது ஊர் நம்பிக்கை.

சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தின் கிழக்கு முனை. இங்கே பகவதி கோயிலில் மாசி மாதம் கொங்கன்படை என்று ஒரு திருவிழா. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவர்களைப் பகவதி முன்னின்று விரட்டிய கதையை ஊரே கூடி நடித்துக் காட்டும். கொங்கு மண்ணிலிருந்து போன என்னை யாரும் விரட்டவில்லை. குருமடத்துக்கு வழி கேட்டதும் தேநீர்க்கடைக்காரர் கடையை விட்டிறங்கித் தெக்கே கிராமத்துத் தெரு முனை வரை கூட வந்து காட்டினார்.

தெக்கே கிராமம் ஓர் அக்கிரகாரம். ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், நீண்ட திண்ணைகள், வாசலில் மாக்கோலம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊரொன்றைப் பெயர்த்துவைத்தது போன்ற தெரு. அந்தத் தெருவில் எழுத்தச்சனின் மடம் எளிய கட்டடமாக நிற்கிறது. அவருடைய சமாதி என்று வணங்கப்படும் இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடையவை என்று எழுத்தாணி, மரப் பாதக்குறடு, சில பழைய ஓலைச்சுவடிகள், அவர் பூசித்த ஸ்ரீசக்கரம் ஆகியவற்றை வழிவழியாகக் காத்துவருகிறார்கள். உள்ளே நின்ற நேரம் முழுவதும் என் மனம் அந்த எழுத்தாணியில்தான் இருந்தது. ஒரு சாண் இரும்பு ஒரு மொழியையே வரைந்திருக்கிறது.

எழுத்தச்சன் பிறந்த ஊர் திரூர் அருகே திருக்கண்டியூர். அந்த இடம் இன்று துஞ்சன் பறம்பு. எழுத்தச்சன் என்றால் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் தகப்பன். ஊர்ப் பிள்ளைகளுக்கு மணலில் விரல் பிடித்து எழுதப் பழக்கும் ஆசிரியரின் பட்டம் அது. அவர் பிறந்த குடி எது என்பதில் அறிஞர்கள் பலவாறு சொல்கிறார்கள். ஜனங்கள் சொல்லும் கதையில் அவர் செக்காட்டும் குடிக்காரர். சாஸ்திரம் படித்த செக்கான் மகனைப் பார்த்து மேல்சாதிக்காரர்கள், ராமானுஜா, உன் செக்கில் எவ்வளவு ஆடும் என்று கேலி பேசினார்களாம். நாலும் ஆறும் ஆடும் என்றாராம் அவர். நாலு வேதமும் ஆறு சாஸ்திரமும். நடந்ததோ இல்லையோ, நானூறு ஆண்டுகளாக ஒரு சமூகம் இந்தக் கதையை விடாமல் சொல்லிவருகிறது. கல்வி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அது செக்கின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. டிண்டேல் அதே கேள்வியை ஏரின் மேல் ஏற்றி வைத்தார்.

வடமொழியில் இருந்த அத்யாத்ம ராமாயணத்தை எழுத்தச்சன் கிளிப்பாட்டாக மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். மூலத்தில் சிவன் உமைக்கு ராம கதையைச் சொல்கிறார். அதை ஒரு பைங்கிளி சொல்வதாக அமைத்தார். கேக, காகளி, களகாஞ்சி என்று வாய்க்கு இதமான சந்தங்கள். மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்தொடராமல், பக்தி பொங்கும் இடங்களில் தாமதித்து, வேண்டிய இடத்தில் விரைந்து போகிறார். மகாபாரதத்தையும் அவ்வாறே பாடினார். வடசொல்லும் மண்ணின் சொல்லும் கலந்த அந்த நடையே பின்னால் மலையாளக் கவிதைக்கு அடித்தளம் ஆயிற்று. இன்றைய 51 எழுத்து முறையை ஊர்தோறும் பரப்பியவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. அந்த மாற்றம் அவருக்கு முன்பே தொடங்கியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் அந்த எழுத்துக்களை வீட்டுக்கு வீடு விரும்பிப் படிக்கவைத்தது அவருடைய ராமாயணம்.

முதுமையில் அவர் சீடரோடு சித்தூருக்கு வந்து, உள்ளூர்த் தலைவரிடம் நிலம் வாங்கி, ராமருக்கும் சிவனுக்கும் கோயில் எழுப்பி, பன்னிரண்டு வீடுகள் கட்டித் தமிழ் பிராமணர்களைக் குடியமர்த்தினார் என்பது இந்த ஊர் மரபு. பாரதப்புழை கடலில் சேரும் பகுதியில் பிறந்தவர், அதன் கிளை மலையிறங்கி வரும் பகுதியில் வந்து அடங்கியிருக்கிறார்.

மடத்தை விட்டு வெளியே வந்தபோது அந்தி. கேரளத்துக் கர்க்கடக மாதம் நம் ஆடி மாதமேதான். நமக்கு அது அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். அவர்களுக்கு ராமாயண மாதம். மழையும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய பழைய காலத்தில் மனத்தை நிறுத்திவைக்க வீடுதோறும் ராமாயணம் வாசித்தார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் குத்துவிளக்கின் முன் உட்கார்ந்து எண்பது வயதுப் பாட்டி ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். தயங்கி நின்ற என்னைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கேந்து வரேள்?"

"பொள்ளாச்சியிலிருந்து வரேன் பாட்டி. குருமடம் பார்க்க."

"நல்ல மாசத்துல வந்தேள். உக்காருங்கோ. இந்த எடம் முடியட்டும், கேட்டுட்டுப் போங்கோ."

உட்கார்ந்தேன். மடியில் இருந்த புத்தகம் மலையாள எழுத்தில். ராகம் போட்டு, மூச்சு பிடித்து, ஒரு பக்கம் முடித்தார். எனக்குப் பாதிச் சொற்கள் தமிழாகவும் மீதி வடமொழியாகவும் கேட்டன. புரியாத இடம் குறைவு. முடித்ததும் கேட்டேன், "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். ராமாயணம் மலையாளத்திலா?"

"பேச்சு தமிழ், படிப்பு மலையாளம். அம்மா மடில உக்காந்து கேட்டது எழுத்தச்சன்தான். அத வேற பாஷைல நெனச்சுக்கவே தெரியாது எனக்கு" என்றார்.

மூணாற்றில் கண்ணை மூடி உதட்டசைத்த பெரியவர் நினைவுக்கு வந்தார். கேரள மண்ணில் தமிழ் வேதத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர். தமிழ் பேசும் வீட்டில் மலையாள ராமாயணத்தை உயிராக வைத்திருப்பவர் இவர். மாநில எல்லைக் கல்லை ஊன்றியவர்கள் இந்த இருவரையும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் பழையது. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோற்பாவைக் கூத்து நடக்கும். நாற்பது அடிக்கு மேல் நீண்ட கூத்துமாடத்தில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் ஏற்றி, தோல் பாவைகளை ஆட்டி ராமாயணம் நடத்துவார்கள். அங்கே புலவர்கள் பாடுவது கம்பனின் பாட்டு. மலையாளக் கோயில் முற்றத்தில், விடிய விடிய, கேட்க ஆளில்லாத இரவிலும் பகவதி கேட்கிறாள் என்ற நம்பிக்கையில் தமிழ்ப் பாட்டைப் பாடிவந்திருக்கிறார்கள். கம்பனைக் கேட்ட மண்ணில்தான் எழுத்தச்சன் வந்து அடங்கினார்.

டிண்டேலுக்கும் எழுத்தச்சனுக்கும் வாய்த்த கருவிகள் வேறு. டிண்டேல் கையில் அச்சு இருந்தது. ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கான பிரதிகள். அதனால்தான் அரசும் திருச்சபையும் அஞ்சின, புத்தகத்தையும் எரித்தன, மனிதரையும் எரித்தன. எழுத்தச்சன் கையில் இருந்தவை ஓலையும் சீடர்களும் சந்தமும். ஒருவர் பாட மற்றவர் எழுத, ஓலையிலிருந்து ஓலைக்கு, வாயிலிருந்து வாய்க்கு அது பரவிற்று. அவரை யாரும் எரிக்கவில்லை. கேலியும் சாதியும் அவர் பட்ட நெருப்பு. இருவருக்கும் பொதுவானது ஒன்று. புனித நூலைப் பெயர்க்கப் போய் இருவருமே தங்கள் மொழிக்கு உருவம் கொடுத்தார்கள். ஆங்கில உரைநடைக்கு டிண்டேல் செய்ததை மலையாளக் கவிதைக்கு எழுத்தச்சன் செய்தார். வேதத்துக்குத் தகுதியான மொழி என்று எதுவும் முன்கூட்டியே இருந்ததில்லை. அன்பு வைத்த ஒருவர் துணிந்து எழுதிய பிறகே எந்த மொழிக்கும் அந்தத் தகுதி வருகிறது.

நம் தமிழிலும் அப்படித்தான் நடந்தது. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்ஸ் அடிகள் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சிறு நூல். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அங்கிருந்த டேனிஷ் அதிகாரி அவரை நான்கு மாதம் சிறையில் அடைத்தான். 1715இல் அவர் பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அதுதான் முதல். பின்னர் பப்ரீசியுஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவலோடு ஆறுமுக நாவலர், 1871இல் ஹென்றி பவர் குழு என்று பலர் செதுக்கிச் செதுக்கி வந்த தமிழைத்தான் அந்தத் தோட்டத் தொழிலாளி வாசித்தார். ஏர் ஓட்டும் பையனுக்கு டிண்டேல் சொன்ன வாக்கு, கொழுந்தெடுக்கும் கைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

இருட்டும் முன் சோகநாசினிக் கரைக்குப் போனேன். ஆடிப் பெருக்கின் செந்நீர் பாறைகளைத் தழுவிக்கொண்டு மேற்கே போனது. அக்கிரகாரத்தில் பாட்டி அடுத்த பக்கத்தைத் தொடங்கிவிட்டிருப்பார். விஜயதசமி நாளில் இந்தக் குருமடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்து முதல் எழுத்து எழுதவைப்பார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ராமாயணத்தை எல்லோருக்கும் ஆக்கியவரின் சந்நிதியில் வேறென்ன வழிபாடு பொருந்தும்?

பொள்ளாச்சியிலிருந்து சித்தூருக்கு நெடுந்தூரம் இல்லை. பழநிக்கும் குருவாயூருக்கும் போகிறவர்கள் ஒரு மாலை இங்கே இறங்குங்கள். ஆடி மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. போக முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டு அலமாரியில் கம்பராமாயணமோ, வேதாகமமோ, குர்ஆன் தமிழாக்கமோ ஏதோ ஒன்று இருக்கும். அதை நம் மொழியில் தரப் பலர் கேலியும் சிறையும் பட்டிருக்கிறார்கள். இன்று விளக்கேற்றிய பிறகு ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள், வீட்டுப் பிள்ளைகளின் காதில் விழட்டும்.